திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே அவன் முகம் வாடிவிடுகிறது. திங்கள் காலையில் வயிற்றுவலி, குமட்டல். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டோம். ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டான். இப்போது இரண்டு வாரமாகப் பள்ளிக்கே போகவில்லை. காலை பத்து மணிக்கு மேல் வலி போய்விடுகிறது, மத்தியானம் சிரித்துப் பேசுகிறான். "நடிக்கிறான், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் என் கணவர். "பிள்ளையை வதைக்காதே, இந்த வருஷம் வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார் மாமியார். பள்ளியில் ஜுரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மனநலப் பிரச்சினை என்று சொன்னால் அது அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளாதா? வேறு பள்ளியில் சேர்க்கலாமா? மனநல மருத்துவரைப் பார்க்க ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை என்ன செய்வது? இன்னொன்று, நான் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். பள்ளியில் மனநல நிகழ்ச்சி நடத்தச் சொல்லிக் கேட்க நினைக்கிறேன். என்ன கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து மணிக்கு மேல் வலி போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துத்தான் உங்கள் கணவர் நடிப்பு என்கிறார். அதே விஷயத்தை வைத்துத்தான் நான் அவன் நடிக்கவில்லை என்கிறேன்.

பயம் வந்தால் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிவிடும். நெஞ்சு படபடக்கும், ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாயும், செரிமானம் தடுமாறும். குடலைச் சுற்றி அடர்த்தியான நரம்புப் பின்னல் இருக்கிறது. அதுவும் மூளையும் எந்நேரமும் தகவல் பரிமாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிள்ளைகளின் பதற்றம் பல நேரம் முதலில் வயிற்றில் தெரிகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் புண், கட்டி, அடைப்பு எதுவும் தென்படவில்லை என்று பொருள். வலி நிஜம்தான். பத்து மணி ஆனதும் இனிமேல் இன்றைக்குப் போக வேண்டியதில்லை என்பது உறுதியாகிறது. உடம்பு தளர்கிறது, வலி அடங்குகிறது. நடிக்கிற பிள்ளையாக இருந்தால் சாயங்காலம் வரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான்.

எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, மலத்தில் ரத்தம், அடிக்கடி வாந்தி, விட்டுவிட்டுக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது வந்தால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் இன்னொரு ஸ்கேன் வேண்டாம். ஒவ்வொரு பரிசோதனையும் 'என் உடம்பில் ஏதோ இருக்கிறது, யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை' என்கிற பயத்தைத்தான் அவனுக்குள் வளர்க்கும்.

மாமியார் சொல்வதில் அன்பு இருக்கிறது, ஆனால் அந்த யோசனையை ஏற்காதீர்கள். பயப்படும் இடத்தைத் தவிர்த்தால் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் மறுநாளும் தவிர்க்கச் சொல்லும். இதற்கிடையில் பாடம் விட்டுப்போகும், நண்பர்கள் வேறு குழுவாகிவிடுவார்கள், "எங்கேடா போயிருந்தே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது நாளுக்கு நாள் கடினமாகும். தொடக்கத்தில் ஒரு காரணத்துக்காகப் போகாமல் இருந்த பிள்ளைக்கு மூன்று மாதம் கழித்துப் போகாததே தனிக் காரணமாகிவிடுகிறது. அதனால் அவன் திரும்பிப் போக வேண்டும், அதுவும் சீக்கிரம் போக வேண்டும் என்பதில் உங்கள் கணவர் பக்கம்தான் நான். அடியைப் பொறுத்தவரை அது ஒரு பயத்தோடு இன்னொரு பயத்தைச் சேர்க்கும். வீடும் பாதுகாப்பில்லை என்று அவன் நினைத்துவிட்டால், அப்புறம் நாம் கேட்கும் எதற்கும் உண்மையான பதில் வராது.

இப்போது நமக்குத் தெரிய வேண்டியது, எதற்காகப் போக மறுக்கிறான் என்பது. பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி. காரணங்களை அவர் நான்காகப் பிரிக்கிறார். பள்ளியில் ஏதோ ஒன்று பயத்தையோ சோர்வையோ தருகிறது, அதைத் தவிர்க்கப் போகாமல் இருப்பது ஒன்று. மற்றவர்கள் முன்னால் பேசுவது, தேர்வு எழுதுவது, மதிப்பிடப்படுவது இவற்றிலிருந்து தப்புவது இரண்டாவது. வீட்டில் பெற்றோரின் அருகாமைக்காக இருந்துவிடுவது மூன்றாவது. பள்ளிக்கு வெளியில் கிடைக்கும் போன், விளையாட்டு, தூக்கம் போன்ற சுகங்களுக்காக இருந்துவிடுவது நான்காவது. ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று கலந்தும் இருக்கும். முதல் இரண்டு காரணங்களால் வீட்டில் தங்கும் பிள்ளைக்கு நாள் முழுக்கப் போன் கையில் கிடைத்தால் நான்காவதும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

"ஏன் போக மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டால் "தெரியலை" என்றுதான் வரும். அது மழுப்பல் இல்லை, பெரும்பாலும் அவனுக்கே தெரியாது. அதற்குப் பதில் ஒரு தாளை எடுத்து, வீட்டிலிருந்து கிளம்புவதில் தொடங்கித் திரும்பி வரும் வரை ஒரு நாளை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். வண்டியில் போவது, வாசல், காலைக் கூட்டம், ஒவ்வொரு பாடவேளை, இடைவேளை, கழிப்பறை, சாப்பாட்டு நேரம், விளையாட்டு, திரும்பும் வழி. பாட அட்டவணையில் இல்லாதவைதான் முக்கியம், அவற்றை விடக்கூடாது. பக்கத்தில் 0 முதல் 10 வரை எண் போடட்டும்: 0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. நீங்கள் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், எண் போடும்போது கருத்துச் சொல்லாதீர்கள். கணக்குதான் பிரச்சினை என்று குடும்பமே நினைத்திருக்கும், பையன் கணக்குக்கு 3 போட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு 9 போடுவான். யாரோடு உட்காருவது என்று தெரியாமல் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த அரை நிமிடம்தான் அவனுடைய திங்கட்கிழமை. இப்படி ஒரு தாளில் ஒரு மாணவி கழிப்பறைக்கு மட்டும் 10 போட்டிருந்தாள். கதவில் தாழ்ப்பாள் இல்லை. அதனால் அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலி, மயக்கம், லீவு என்று போய்க்கொண்டிருந்த அந்தப் பிரச்சினையில் பாதி தாழ்ப்பாள் போட்டதும் தீர்ந்தது.

எண்கள் கேலி, மிரட்டல், ஒதுக்கிவைத்தல் பக்கம் கைகாட்டினால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பள்ளிகளில் நடக்கும் வன்கேலியை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் டான் ஓல்வேயஸ். நார்வேயில் அவர் உருவாக்கிய தடுப்புத் திட்டம் 1983-இல் தொடங்கியது. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாமல் இருப்பது என்று மூன்று அடையாளங்களை அவர் சொன்னார். இந்த மூன்றும் இருந்தால் "நீயும் திருப்பிக் கொடு" என்ற அறிவுரை உதவாது, ஏனென்றால் பலம் அவனிடம் இல்லை. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்வதும் உதவாது. பெரியவர்கள்தான் அதை நிறுத்த வேண்டும். சுற்றி நின்று பார்க்கிற பிள்ளைகளை மாற்றினால் கேலி செய்பவனுக்கு ஆதரவு போய்விடும் என்பதை அடிப்படையாக வைத்துத்தான் பின்லாந்தின் 'கிவா' திட்டம் வந்தது. வகுப்பாசிரியர் விசாரிக்கும்போது உங்கள் மகன் பெயரை வெளியே விடாமல் விசாரிக்கச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவன் என்று தெரிந்தால் அவன் இன்னும் ஒடுங்கிப் போவான்.

சரி, பள்ளிக்குச் சொல்லலாமா? சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள்.

ஜுரம் என்ற பொய்க்கு மூன்று விலை இருக்கிறது. பள்ளிக்கு உண்மை தெரியாததால் உதவ வழியில்லை. தனக்கு இருப்பது வெளியே சொல்லக்கூடாத ஒன்று என்று உங்கள் மகன் கற்றுக்கொள்கிறான். திரும்பிப் போகும் நாளில் அந்தப் பொய்யையும் அவனே சுமந்துகொண்டு போக வேண்டும். பெயரோடு ஒட்டிக்கொள்ளும் என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சில பள்ளிகளில் அப்படி நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் யாரும் அவனைப் பரிசோதித்து எந்தப் பெயரும் வைக்கவில்லையே. என்ன நடக்கிறது, என்ன உதவி வேண்டும், இந்த இரண்டும் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அப்படியென்றால் அவன் வகுப்பிலேயே இன்னும் சிலர் இருக்கக்கூடும். ஆசிரியர் இதுவரை கேள்விப்படாத செய்தி எதையும் நீங்கள் கொண்டுபோகவில்லை.

தலைமையாசிரியரிடம் நேரே போகாமல் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அல்லது உங்கள் மகனுக்குப் பிடித்த ஆசிரியர் யாராவது இருந்தால் அவரிடம். போவதற்கு முன் மகனிடம், "டீச்சரிடம் இதைச் சொல்லப் போகிறேன், இதைச் சொல்ல மாட்டேன், சரியா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவன் எதைச் சொல்லக்கூடாது என்கிறானோ அதைச் சொல்லாதீர்கள், உயிருக்கு ஆபத்து அல்லது யாராவது அவனைத் துன்புறுத்துவது தவிர. போனில் இப்படிப் பேசலாம்: "டீச்சர், இவ்வளவு நாள் ஜுரம் என்று சொன்னேன். உண்மையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவனுக்குப் பதற்றம் வருகிறது, அது வயிற்றுவலியாகத் தெரிகிறது. டாக்டரிடம் காட்டிவிட்டோம். அவனைத் திரும்ப அனுப்ப உங்கள் உதவி வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து பேச முடியுமா?" இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த அரை மணி நேரம் எப்படிப் போகிறது என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. பொதுவாக இப்படிப்பட்ட சந்திப்புகளில் பள்ளி, வருகைப் பதிவு குறைந்ததைப் பற்றிப் பேசும், பெற்றோர் டாக்டர் சீட்டுகளைக் காட்டுவார்கள், இரண்டு தரப்பும் தங்கள் மேல் தப்பில்லை என்று நிரூபித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். பிள்ளைக்கு மறுநாள் காலையில் ஒன்றும் மாறியிருக்காது. நீங்கள் ஒரே ஒரு வேண்டுகோளோடு போங்கள்: பள்ளிக்குள் ஒரு பெரியவர் இவனுக்கு என்று வேண்டும். வகுப்பாசிரியரோ, ஆலோசகரோ, நூலகரோ, விளையாட்டு ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி. அவரை உங்கள் மகன் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை. காலையில் அவன் வரும்போது அங்கே இருக்க வேண்டும், அவன் தடுமாறினால் எங்கே வரலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டோடு பேசுகிறவரும் அவராகவே இருக்க வேண்டும். ஐந்து ஆசிரியர்கள் அக்கறையோடு ஆளுக்கு ஒரு தடவை "என்னப்பா, உடம்பு சரியாச்சா?" என்று வகுப்பில் கேட்பது அவனுக்கு ஐந்து முறை மேடையேறியது போல. ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருப்பது துணை.

அவர் யார் என்று முடிவானதும் மற்றவை அவரைச் சுற்றி அமையும். முதல் வாரம் எத்தனை மணிக்கு வருவது, எந்த வாசல் வழியாக வருவது, முதல் பதினைந்து நிமிடம் எங்கே இருப்பது, பதற்றம் ஏறினால் கை தூக்கி அனுமதி கேட்காமல் வெளியே போக என்ன அடையாளம் காட்டுவது, எவ்வளவு நேரத்தில் வகுப்புக்குத் திரும்புவது. இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். வெளியேறும் வழி மட்டும் இருந்து திரும்பும் வழி இல்லையென்றால் அவன் நாள் முழுக்க ஓய்வறையிலேயே இருந்துவிடுவான். பத்து நிமிடம், அப்புறம் வகுப்பு. விட்டுப்போன பாடங்களில் எதை எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டு வாரத்து நோட்டையும் மொத்தமாக எழுதி முடிக்கச் சொன்னால் அந்தச் சுமையே அடுத்த வயிற்றுவலி.

முதல் நாளுக்கு முழுப்பள்ளி வேண்டாம். தாளில் 2, 3 என்று எண் போட்ட இரண்டு பாடவேளை போதும். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகக் கூட்டலாம். குறைக்கிற முடிவைக் காலை ஏழு மணிக்கு, அவன் அழும்போது எடுக்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே பேசி வைத்ததுதான் மறுநாள் நடக்க வேண்டும். வலி இருக்கிறதா என்று காலையில் கேட்கவே வேண்டாம். அவனாகச் சொன்னால், "வலிக்குதுன்னு தெரியுதுப்பா. போனதும் கொஞ்சம் குறையும். சார் வாசல்ல நிற்பார்" என்று சொல்லிவிட்டு ஷூவை எடுத்துக் கொடுங்கள். பதற்றம் ஏறி உச்சிக்குப் போய், அந்த இடத்திலேயே இருந்தால் தானாக இறங்கும். இதை அவன் உடம்பு அனுபவித்துக் கற்க வேண்டும், நாம் சொல்லிப் புரியவைக்க முடியாது. வாசலில் கட்டிப்பிடித்து நீண்ட நேரம் விடைபெறாதீர்கள். அந்தப் பெரியவர் அவனை அழைத்துக்கொண்டு இரண்டடி நடந்ததும் நீங்கள் கிளம்பிவிட வேண்டும்.

முடிந்தால் முதல் வாரம் உங்கள் கணவர் அழைத்துப் போகட்டும். இது அவரைத் தண்டிக்கச் சொல்வதில்லை. மூன்று மாதமாகக் காலைகளில் நீங்களும் பிள்ளையும் ஒருவர் பதற்றத்தை இன்னொருவர் முகத்தில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அவருடைய உறுதி அவனுக்கு இந்த இடத்தில் உண்மையிலேயே பயன்படும், குரல் உயராமல் இருந்தால். மாமியாரிடமும் ஒரு வேலை கொடுங்கள்: அவன் திரும்பி வரும்போது வீட்டில் இருந்து, எப்படி இருந்தது என்று துருவாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மூன்று பெரியவர்களும் பிள்ளை காதுபட ஒரே மாதிரி பேச வேண்டும். உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் அவன் தூங்கிய பிறகு சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

போகாத நாளில் வீடு சலிப்பாக இருக்கட்டும். பள்ளி நேரத்தில் போன் இல்லை, டிவி இல்லை, பகல் தூக்கம் இல்லை. கோபத்தோடு பிடுங்காமல், இது பள்ளி நேரத்து விதி என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். சனி, ஞாயிறு இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தால் திங்கள் காலை உடம்புக்கு நடுராத்திரி மாதிரிதான் இருக்கும். பாதிக் குமட்டல் அதில் போய்விடக்கூடும்.

அக்கம்பக்கத்தில், "பையன் ஏன் ஸ்கூலுக்குப் போகலை?" என்று கேட்பார்கள். பதில் ஒன்றை அவனோடு சேர்ந்து தயாரித்து வையுங்கள்: "உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது பரவாயில்லை." இது பொய்யில்லை, அதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. நண்பர்களிடம் அவன் சொல்வதற்கும் இதே பதில்தான். அவன் பள்ளிக்குத் திரும்பும் முன் ஒரு நண்பனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பாடம் வாங்க என்று காரணம் சொல்லலாம். முதல் நாள் வகுப்பறையில் நுழையும்போது தெரிந்த முகம் ஒன்று இருந்தால் அது பாதி வேலையை முடித்துவிடும்.

ஆறு வாரக் காத்திருப்பு நீளம்தான். ஆனால் மேலே சொன்ன எதற்கும் மனநல மருத்துவர் தேவையில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பதற்றத்துக்கு நல்ல பலன் தருவதாக நிறுவப்பட்ட சிகிச்சை, எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் பேச்சு சிகிச்சை. அதன் மையமே பயந்த இடத்தைப் படிப்படியாகச் சந்திப்பதுதான். நிபுணரைச் சந்திப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அவன் உங்களோடும் பள்ளியோடும்தான் இருக்கப் போகிறான். முறையாகப் பயிற்சி பெற்று, மேற்பார்வையும் இருந்தால் நிபுணர் அல்லாதவர்கள்கூட நிறையச் செய்ய முடியும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சுகளில் உட்கார்ந்து மக்கள் பேசுவதைக் கேட்கப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த 'நட்பு பெஞ்ச்' முறையில் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததை 2016-இல் வெளியான சோதனை காட்டியது. ஆகவே பள்ளியில் ஆலோசகர் இருந்தால், வட்டாரத்தில் பயிற்சி பெற்ற நலப் பணியாளர் இருந்தால், உங்கள் குடும்ப டாக்டருக்குப் பொறுமை இருந்தால் அவர்களிடம் இப்போதே போகலாம். தூக்க மாத்திரையோ பதற்ற மாத்திரையோ யாருடையதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நிபுணரிடம் போட்ட நேரத்தை மட்டும் அவன் நன்றாகிவிட்டான் என்று ரத்து செய்யாதீர்கள். ஒருவேளை அவன் இரண்டே வாரத்தில் பள்ளிக்குப் போகத் தொடங்கினாலும் போய்க் காட்டுங்கள். மனச்சோர்வோ, கற்றலில் ஏதாவது சிரமமோ, கவனக்குறைவோ அடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. இந்த வயதில் காட்டுவது அவசரக்குடுக்கைத்தனம் இல்லை. சில இடங்களில் 25 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உங்களிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்ட பட்டியல் அது. அதில் வரும் எண் நோயின் பெயர் இல்லை. வீட்டில் நீங்கள் பார்க்கும் பையனும் பள்ளியில் ஆசிரியர் பார்க்கும் பையனும் வேறாக இருந்தால், அந்த வேறுபாடே டாக்டருக்குப் பெரிய தகவல். உங்கள் மகன் எண் போட்ட தாளையும் எடுத்துப் போங்கள்.

ஆறு வாரம் காத்திருக்கக்கூடாத நிலைமையும் உண்டு. வாழ்ந்து என்ன என்று பேசுவது, உடம்பில் கீறிக்கொள்வது, பிடித்த பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமே இல்லாமல் போவது. இவற்றில் எது தெரிந்தாலும் அவனைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மருந்து, பூச்சிக்கொல்லி, கூர்மையான பொருட்கள் எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2,342 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. "ஆமாம்" என்று அவன் சொன்னால் திட்டாமல், அழுது தீர்க்காமல், "சொன்னதே நல்லது, நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பள்ளி மாற்றுவது பற்றி: இப்போது வேண்டாம். காரணம் தெரியாமல் மாற்றினால் பயமும் கூடவே வந்து சேரும், அங்கே அவனுக்குத் தெரிந்த முகம்கூட இருக்காது. வன்கேலி நடக்கிறது, ஆதாரத்தோடு சொல்லியும் பள்ளி அசையவில்லை என்றால் மட்டும் தயங்காமல் மாற்றுங்கள்.

கடைசியாக, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் என்ன கேட்பது என்ற கேள்வி. இதைக் கேட்டதற்காக உங்களை மனதார வாழ்த்துகிறேன். தன் பிள்ளை இப்படித் தவிக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளை நினைப்பது பெரிய மனசு.

ஒரு நாள் சொற்பொழிவு கேட்காதீர்கள். அரங்கில் ஐந்நூறு பிள்ளைகளை உட்காரவைத்து மன அழுத்தம் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் புகைப்படம் நன்றாக வரும். மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் ஆசிரியர்கள் தலையில் கட்டும் திட்டத்தையும் கேட்காதீர்கள். பீகாரில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவுகள் 2018-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும், சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். அந்த ஆலோசகர்கள் மனநல நிபுணர்கள் இல்லை, ஆனால் அதுவே அவர்களுடைய வேலை. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மாணவர்களின் மனச்சோர்வும் வன்கேலியும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பாடம், தேர்வு, பதிவேடு எல்லாம் அவர்கள் கையில் இருக்கும்போது இதற்கு நேரம் எங்கே? மதிப்பெண் போடுகிறவரிடமே மனதைத் திறப்பதும் பிள்ளைகளுக்கு எளிதல்ல.

அதற்கு முன், பத்து ஐரோப்பிய நாடுகளில் 11,110 மாணவர்களிடம் நடந்த ஆய்வும் 2015-இல் அதே இதழில் வந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தது பெரிதாக உதவவில்லை. மாணவர்களே நடித்துப் பார்த்து, பேசிப் பழகிய ஏறக்குறைய ஐந்து மணி நேர வகுப்புகள் தற்கொலை முயற்சிகளைக் கணிசமாகக் குறைத்தன. நட்பில் சிக்கல் வந்தால், மனம் சோர்ந்தால், நண்பன் விபரீதமாகப் பேசினால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே பழகிப் பார்த்தார்கள்.

ஆகவே கழகத்தில் நான் கேட்கச் சொல்வது முதலில் ஆள், அப்புறம்தான் நிகழ்ச்சி. முழு நேரமாக ஒருவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவருக்கு மேற்பார்வை செய்ய ஒரு நிபுணரும், கதவு மூடிய ஒரு சின்ன அறையும் வேண்டும். அந்த அறை தலைமையாசிரியர் அறைக்கு எதிரே இருந்தால் யாரும் போக மாட்டார்கள். பிள்ளை சொல்வதில் எது ரகசியம், எது பெற்றோருக்குச் சொல்லப்படும் என்பதை எழுதி எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவதாக, காரணம் தெளிவில்லாமல் ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் பள்ளியிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். வருகை குறைந்தது என்ற அறிவிப்பாக இல்லாமல், "எப்படி இருக்கான், நாங்கள் என்ன செய்யட்டும்?" என்ற விசாரிப்பாக. உங்கள் மகனுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் இப்படி ஒரு போன் வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். நோயாளிப் பிள்ளைகளும் பதற்றப்படும் பிள்ளைகளும் அந்த மேடையைக் கீழே உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர அதில் வேறெதுவும் நடப்பதில்லை. அப்படியே கழிப்பறைத் தாழ்ப்பாள்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

கூட்டத்தில் பேசும்போது உங்கள் மகனை உதாரணம் காட்டாதீர்கள். உங்களுக்குப் பேசத் துணிவு வந்திருக்கலாம், கதை அவனுடையது. ஒரு வருடம் கழித்து அவனே சொல்லலாம் என்று சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.